ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஓர் ஆண்டு: கருவியைக் குறைத்துப் படம் பிடித்தல்

புகைப்படத்தில் ஆர்வம் ஏற்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். முதலில் ஒரு கமராவும் அதனோடு கூடவே வரும் சூம் லென்சும். சில மாதங்களில் அந்த லென்ஸ் போதாது என்ற எண்ணம் வருகிறது. ஒன்ராறியோ ஏரிக்கரைப் பறவைகளுக்கென நீண்ட லென்ஸ் ஒன்று, கல்யாண மண்டபத்துக்கென பிளாஷ் ஒன்று, பூக்களுக்கென இன்னொன்று என்று பை நிறைகிறது. மூன்றாம் ஆண்டு முடியும்போது பை தோளை இழுக்கிறது. கணினியில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. அச்செடுத்துச் சுவரில் மாட்ட ஒன்றைத் தேடினால், முதல் மாதத்தில் எதுவும் தெரியாமல் எடுத்த படந்தான் கைக்கு வருகிறது.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்குப் புகைப்பட ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மருந்து எளிமையானது. பையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கமராவையும் ஒரு லென்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போகவேண்டும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, பல மாதங்களுக்கு. இதைக் கருவி மட்டுப்பாட்டுப் பயிற்சி எனலாம். இதன் வரலாறு என்ன, இது எப்படி வேலை செய்கிறது, ரொறன்ரோவில் வாழும் ஒருவர் இதை எப்படிச் செய்து பார்க்கலாம், எங்கே இது பயன்படாது என்பவற்றை இக்கட்டுரை சுருக்கமாகச் சொல்ல முயல்கிறது.

பயிற்சியின் வடிவம்

இப்பயிற்சியின் மிகவும் அறியப்பட்ட வடிவத்தை 2009ஆம் ஆண்டில் அமெரிக்கப் புகைப்பட எழுத்தாளர் மைக் ஜோன்ஸ்ரன் முன்வைத்தார். ஒரு லைக்கா கமரா, ஒரே லென்ஸ், கறுப்பு வெள்ளைப் பிலிம், ஓராண்டு காலம் என்பது அவருடைய திட்டம். லைக்கா விலை கூடிய கமரா. ஆனால் திட்டத்தின் சாரம் கமராவின் பெயரில் இல்லை. மாற்றமுடியாத ஒரு பார்வைக்கோணம், நீண்ட காலம், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்றுந்தான் சாரம். இந்த மூன்றும் இருந்தால் பழைய டிஜிற்றல் கமராவும் போதும், கைத்தொலைபேசியும் போதும்.

பயிற்சியில் குறைக்கப்படுவது கருவி மட்டுமே. எடுக்கும் படங்களின் எண்ணிக்கையையும் குறைக்கவேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறொரு பயிற்சி. அதைப் பின்னர் பார்ப்போம்.

தெரிவே இல்லாதிருந்த காலம்

இன்று நாம் பயிற்சியாகச் செய்வதைப் புகைப்படத்தின் முதல் நூறு ஆண்டுகளில் எல்லோரும் வழமையாகவே செய்தார்கள். 1900ஆம் ஆண்டில் ஈஸ்ற்மன் கொடக் நிறுவனம் ஒரு டொலருக்கு விற்ற பிறௌனி கமரா ஓர் அட்டைப்பெட்டி. நிலையான லென்ஸ், சரிசெய்ய முடியாத குவியம், ஒரு பிலிம் சுருளில் ஆறு படங்கள். உலகின் பெருந்தொகையான குடும்பப் படங்கள் இத்தகைய பெட்டிகளால் எடுக்கப்பட்டவை. அந்தக் கொடக் நிறுவனத்தின் கனேடியத் தொழிற்சாலை ரொறன்ரோவின் மேற்குப் பகுதியில், மவுண்ட் டென்னிஸில் பல பத்தாண்டுகள் இயங்கியது. 2005இல் அது மூடப்பட்டது. எஞ்சிய ஒன்பதாம் இலக்கக் கட்டடம் இப்போது எக்ளின்ரன் ரயில்பாதையின் மவுண்ட் டென்னிஸ் நிலையத்தோடு இணைந்து நிற்கிறது.

ரொறன்ரோவைப் பொறுத்தவரை இந்தக் காலத்தின் மிக முக்கியமான பெயர் ஆதர் கொஸ். 1881இல் பிறந்த இவர் சிறுவயதிலேயே தந்தையை இழந்து, நகரப் பொறியியலாளர் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். 1911இல் ரொறன்ரோ நகரத்தின் முதலாவது அதிகாரபூர்வப் புகைப்படப் பிடிப்பாளர் ஆனார். 1940இல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார். பெரிய கமரா, கனத்த முக்காலி, கண்ணாடித் தகடுகள் என்பவையே அவருடைய கருவிகள். ஒரு தகட்டில் ஒரு படந்தான். வீதிகள், சாக்கடைகள், தண்டவாளங்கள், பாலங்கள் என்று நகர நிர்வாகம் கேட்டதையெல்லாம் அவர் எடுத்தார். டொன் பள்ளத்தாக்கின் மேலே புளூர் வீதியையும் டன்ஃபோத் வீதியையும் இணைக்கும் பெரும்பாலம் 1918இல் திறக்கப்பட்டது. அது தூண் தூணாக எழும்பியதை அவருடைய தகடுகளில் இன்றும் பார்க்கலாம்.

அவர் எடுத்தவற்றுள் நம்மைப் போன்ற குடிவரவாளர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியவை ‘த வோர்ட்’ என்று அழைக்கப்பட்ட சேரிப்பகுதியின் படங்கள். கொலிஜ் வீதிக்கும் குவீன் வீதிக்கும் இடையில், யங் வீதிக்கும் யூனிவேர்சிற்றி அவெனியூவுக்கும் நடுவே இருந்தது அந்தப் பகுதி. யூதரும் இத்தாலியரும் சீனரும் இந்நகரத்துக்கு வந்தபோது முதலில் குடியிருந்த இடம் அது. நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த டொக்டர் சாள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் அங்குள்ள வீடுகளின் நிலையை வெளிக்கொணர்வதற்குப் படங்களைச் சான்றாகப் பயன்படுத்தினார். கொஸ் அந்த முற்றங்களிலும் ஒற்றை அறைகளிலும் முக்காலியை ஊன்றினார். இன்று அந்த இடத்தில் நகரசபைக் கட்டடமும் பெரிய மருத்துவமனைகளும் நிற்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் முகங்கள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தக் கண்ணாடித் தகடுகளில்தான்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கொஸ் ரொறன்ரோ கமரா கிளப்பின் உறுப்பினர். 1888இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஓவியம் போன்ற மென்மையான கலைப்படங்களையும் எடுத்துக் கண்காட்சிகளுக்கு அனுப்பிவந்தார். ஆனால் கலை என்று அவர் காட்சிக்கு வைத்தவற்றை இன்று தேடிப் பார்ப்பவர் குறைவு. அலுவலகக் கடமையாக, நேராக முன்னால் நின்று, ஒரே முறையில் எடுத்த படங்களையே எல்லோரும் தேடுகிறார்கள். இலங்கையில் பிறந்து ரொறன்ரோவில் வாழும் மைக்கேல் ஒண்டாச்சி, 1987இல் வெளிவந்த ‘இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்’ நாவலில் கொஸ்ஸை ஒரு பாத்திரமாகவே கொண்டுவந்தார். ஏரியின் அடியில் சுரங்கம் தோண்டும் தொழிலாளரைப் படமெடுக்க வருபவராக அவர் அந்த நாவலில் தோன்றுகிறார். கொஸ்ஸின் படங்களை ஸ்பாடைனா றோட் 255ஆம் இலக்கத்திலுள்ள நகர ஆவணக்காப்பகம் பாதுகாக்கிறது. இணையத்திலும் பெருமளவில் பார்க்கக் கிடைக்கின்றன.

தெரிந்தே குறைத்தவர்கள்

லென்ஸ்களை மாற்றிக்கொள்ளும் வசதி வந்த பின்னரும் அதைப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் உண்டு. ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1932 அளவில் லைக்கா ஒன்றை வாங்கினார். வாழ்நாளின் பெரும்பகுதி 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றோடுதான் அவர் உலகத்தைச் சுற்றினார். 1948 ஜனவரியில் காந்தியடிகளின் கடைசி நாட்களையும், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களையும் அவர் படமெடுத்தார். படத்தை எடுத்த பின் வெட்டித் திருத்துவதையும் அவர் பெரும்பாலும் தவிர்த்தார். சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் எடுக்கும்போதே தீர்மானிக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஒசுவும் அதே 50 மில்லிமீற்றரில் நின்றவர். கமராவைத் தாழ வைத்து, பெரும்பாலும் அசைக்காமல், குடும்பங்களின் கதையைச் சொன்னார். 1953இல் வந்த ‘டோக்கியோ ஸ்ரோரி’ இதற்கு எடுத்துக்காட்டு.

சுவிற்சர்லாந்தில் பிறந்து, பின்னாளில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நெடுங்காலம் வாழ்ந்து, 2019இல் அங்கேயே காலமான றொபேட் ஃபிராங்க், 1955 தொடக்கம் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி ‘த அமெரிக்கன்ஸ்’ நூலுக்கான படங்களை எடுத்தார். கையில் சிறிய லைக்காதான். ஆனால் 767 பிலிம் சுருள்களை முடித்தார். அவற்றுள் நூலில் இடம்பெற்றவை 83 படங்கள். கருவியைக் குறைப்பதும் உழைப்பைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

நம்முடைய எடுத்துக்காட்டு பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். ‘கோகிலா’, ‘மூன்றாம் பிறை’ ஆகிய படங்களுக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர். அவர் குறைத்துக்கொண்டது விளக்குகளை. யன்னலால் வரும் வெளிச்சம், கதவிடுக்கால் விழும் வெளிச்சம், முற்றத்து வெளிச்சம் என்று இடத்தில் இருக்கும் ஒளியையே நம்பிப் படமெடுத்தார். 1988இல் வந்த ‘வீடு’ படத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் அனைத்தும் அவரே. 2013இல் வந்த கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ படத்தை, நிழற்படங்களுக்கென்று செய்யப்பட்ட கனொன் 5டி கமராவில் எடுத்தார். பெரிய கருவிகளையெல்லாம் கையாண்ட ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய பின் சிறிய கமராவைத் தேர்ந்துகொண்டார் என்பது இளைஞர்கள் எண்ணிப்பார்க்கவேண்டியது.

இது ஏன் பயன் தருகிறது

முதலாவது காரணம் தூரம். சூம் லென்ஸ் வைத்திருப்பவர் தற்செயலாக நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருப்புகிறார். பொருள் பெரிதாகிறது, ஆனால் அவர் நிற்கும் இடம் மாறவில்லை. ஒரு படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரிகின்றன என்பதை முடிவு செய்வது நிற்கும் தூரந்தான். ஒருவரின் முகத்துக்கு மிக அருகே போய் எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். தள்ளி நின்று எடுத்தால் முகம் தட்டையாகும். ஆகவே சூம் வளையத்தைத் திருப்புபவர் படத்தின் அமைப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார். ஒற்றை லென்ஸ்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் நடக்கவேண்டும், குனியவேண்டும், சில வேளைகளில் அந்நியர் ஒருவருக்கு இரண்டு மீற்றர் கிட்டப் போய் வணக்கம் சொல்லவும் வேண்டும்.

இரண்டாவது காரணம் முன்கூட்டித் தெரிதல். ஒரே லென்ஸை மூன்று மாதம் பயன்படுத்தியவருக்குக் கமராவைக் கண்ணில் வைக்காமலே சட்டகத்தின் எல்லை தெரியத் தொடங்கும். வீட்டுச் சமையலறையில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே கை போவதைப் போன்றது இது. காட்சி நிகழ்வதற்கு முன்பே சரியான இடத்தில் போய் நிற்க இது உதவுகிறது.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அதுவே முதன்மையானது என்பது என் எண்ணம். ஒரே பார்வைக்கோணத்தில், ஒரே முறையில் எடுக்கப்பட்ட படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பத்து விதமான லென்ஸ்களால் எடுத்த ஒரு வீதியின் பத்துப் படங்கள் பத்துத் தனிப்படங்கள். ஒரே லென்சால் பத்து ஆண்டுகளில் எடுத்த பத்துப் படங்கள் அந்த வீதியின் வரலாறு. கொஸ்ஸின் தகடுகள் இன்று நமக்குப் பேசுவதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

எந்த லென்ஸ்?

35 மில்லிமீற்றர் பிலிம் அளவிலான உணரி கொண்ட கமராவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மூலைக்கு மூலை அளந்தால் 28 மில்லிமீற்றர் லென்ஸ் சுமார் 75 பாகையைப் பார்க்கும். 35 மில்லிமீற்றர் 63 பாகை, 50 மில்லிமீற்றர் 47 பாகை, 85 மில்லிமீற்றர் 28 பாகை. நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால்வரை நெடுக்கான சட்டகத்தில் எடுக்க, 35 லென்சோடு சுமார் 2 மீற்றரும், 50 லென்சோடு சுமார் 3 மீற்றரும், 85 லென்சோடு சுமார் 5 மீற்றரும் தள்ளி நிற்கவேண்டும். எந்த லென்ஸைத் தெரிவு செய்கிறோம் என்பது, மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறோம் என்ற தெரிவும் ஆகிறது.

பெரும்பாலான இடைநிலைக் கமராக்களின் உணரி இதைவிடச் சிறியது. அவற்றில் குவியத்தூரத்தை 1.5 ஆலும், கனொன் என்றால் 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ளவேண்டும். அதாவது 35 லென்ஸ் ஏறத்தாழ 50 போல நடந்துகொள்ளும். தொடங்குபவருக்கு 35இலும் 50இலும் எது கைவசம் உண்டோ அதுவே நல்லது. 50 மில்லிமீற்றர், 1.8 துளை கொண்ட லென்ஸ் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடமும் மலிவாகக் கிடைக்கும் ஒன்று. பழையதாக இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

சூம் லென்ஸ் மட்டுமே இருப்பவர் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. வளையத்தை 35இல் வைத்து, மேலே ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால் போதும். தொலைபேசியில் எடுப்பவர் முதன்மைக் கமராவை மட்டும் பயன்படுத்தவேண்டும். அது பெரும்பாலும் 24 முதல் 28 மில்லிமீற்றருக்குச் சமமான அகலப் பார்வை கொண்டது. திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்குவதை அடியோடு நிறுத்தவேண்டும். அங்கே நடப்பது பெரும்பாலும் படத்தை வெட்டுவதுதான்.

ரொறன்ரோவின் ஒளியும் குளிரும்

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ படமெடுக்கப் பழகியவர்கள் நண்பகலைத் தவிர்க்கப் பழகியவர்கள். தலைக்கு மேலே நிற்கும் வெயில் கண்குழியில் நிழலைப் போடும். ரொறன்ரோவில் இந்த விதியை மாற்றி எழுதவேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் இங்கே நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 பாகை உயரத்துக்குத்தான் வருகிறது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அது 57 பாகையில் நிற்கும். ஆறடி உயரமான ஒருவரின் நண்பகல் நிழல் யாழ்ப்பாணத்தில் நாலடி என்றால், ரொறன்ரோவில் பதினாலடி. பகல் முழுவதும் சாய்ந்த ஒளி கிடைக்கிறது. பகல்தான் சிறியது, ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். எனவே பனிக்காலத்தில் மதிய உணவு நேரத்து இருபது நிமிடந்தான் பலருக்கும் கிடைக்கும் பயிற்சி நேரம். ஜூன் மாதத்தில் நிலைமை தலைகீழ். இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் உண்டு.

வெண்பனியைக் கமரா நம்பாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக அளக்கும்படி அது செய்யப்பட்டிருப்பதால், பனி மூடிய வீதி படத்தில் மங்கலாக, அழுக்கு நிறமாக வரும். வெளிச்ச அளவை ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டி வைத்தால் பனி வெள்ளையாகும். குளிரில் பற்றரியின் வலு விரைவாகக் குறையும். மேலதிகப் பற்றரி ஒன்றைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது, கதவைத் திறப்பதற்கு முன்பே கமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பையில் இட்டு மூடவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் சூட்டிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனித்துளியாகப் படியும். கையுறையோடு லென்ஸ் மாற்றிப் பார்த்தவர்களுக்கு ஒற்றை லென்சின் அருமையை விளக்கத் தேவையில்லை.

செய்து பார்க்கக்கூடிய பயிற்சிகள்

1. ஒரே லென்ஸ். குறைந்தது மூன்று மாதம். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். எடுக்கமுடியாமற்போன படங்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மூன்றாம் மாதத்தில் அந்தப் பட்டியல் தானாகக் குறைவதைக் காணலாம்.

2. முப்பத்தாறு படங்கள். ஒரு பிலிம் சுருளில் இருந்த அளவு. ஒரு வாரத்துக்கு 36 படங்கள் மட்டும் எடுத்து, பின்புறத் திரையைத் தாளால் மூடி, வார முடிவில்தான் பார்ப்பது. எடுப்பதற்கு முன் யோசிக்கும் பழக்கத்தை இது தரும்.

3. ஒரே தூரம். 35 மில்லிமீற்றர் லென்சை 8 என்ற துளையில் வைத்து, குவியத்தை 3 மீற்றரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 2 மீற்றரிலிருந்து 7 மீற்றர்வரை இருப்பவை தெளிவாக வரும். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு இந்த எல்லைக்குள் மட்டும் படமெடுங்கள். கென்சிங்ரன் சந்தை, ஜெராட் வீதி இந்தியக் கடைத்தெரு போன்ற நெருக்கமான இடங்களுக்கு இது ஏற்றது.

4. ஒரே யன்னல். இதைப் பாலு மகேந்திரா பயிற்சி எனலாம். மின்விளக்கை அணைத்து, வீட்டின் ஒரேயொரு யன்னல் அருகே, வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராக இருத்தி எடுப்பது. காலை, மாலை, மழைநாள், பனிநாள் என்று அதே யன்னல். ஒளியின் திசையையும் மென்மையையும் கற்பதற்கு இதைவிட மலிவான ஸ்ரூடியோ கிடையாது.

5. ஆண்டுக்கு ஒன்று. அமெரிக்கரான நிக்கலஸ் நிக்ஸன், தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் 2022 வரை ஆண்டுதோறும், பெரிய தகட்டுக் கமராவில், இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் நிறுத்திப் படமெடுத்தார். உங்கள் குடும்பத்தையும் பொங்கலன்றோ சித்திரை வருடப்பிறப்பன்றோ அதே வாசலில், அதே வரிசையில், அதே லென்சால் எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் பிள்ளைகள் தாங்களாகவே வந்து நிற்பார்கள்.

6. ஒரே இடம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் ஒரு சந்தியையோ ஒரு பிளாசாவையோ எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுப்பது.

எந்தப் பயிற்சியானாலும் கடைசிப் படி ஒன்றுதான். எடுத்தவற்றுள் மாதத்துக்குப் பத்தைத் தெரிந்து அச்செடுக்கவேண்டும். அச்சின் பின்புறத்தில் இடத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதவேண்டும். மற்றவர்கள் எப்படித் தொகுக்கிறார்கள் என்று பார்க்க விரும்புவோருக்கு, 1997 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் ரொறன்ரோவெங்கும் நடந்துவரும் ‘கொன்ராக்ற்’ புகைப்படத் திருவிழா நல்ல வாய்ப்பு.

எங்கே பயன்படாது

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது. கல்யாணத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு படமெடுப்பவர், மணமேடைக்குப் பக்கத்தில் நின்று தாலிகட்டையும், மண்டபத்தின் கோடியில் நின்று முழுச் சபையையும் எடுத்தாகவேண்டும். அவரிடம் ஒற்றை லென்ஸ் தத்துவம் பேசுவது நியாயமில்லை. ரொமி தொம்சன் பூங்காவில் பறவை பார்ப்பவருக்கு நீண்ட லென்ஸ் தேவை; பறவைக்குக் கிட்டப் போவது படத்தையும் கெடுக்கும், பறவையையும் கலைக்கும்.

இரண்டாவதாக, குறைப்பதே பெருமையாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரேயொரு லென்ஸ் என்று சொல்லிக்கொண்டு அதை விலையுயர்ந்ததாகத் தேடி அலைபவர், பழைய வழியிலேயே வேறு பையோடு போகிறார். கார்ட்டியே-பிரெசோனின் படங்களுக்கு 50 மில்லிமீற்றர் லென்ஸ் காரணம் அன்று. அதே லென்சோடு ஆயிரக்கணக்கானோர் சாதாரணப் படங்களையும் எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, மட்டுப்பாட்டை விரும்பி ஏற்பது வசதியுள்ளவரின் தெரிவு. ஒரு கமராகூட இல்லாமல் வாழ்ந்த தலைமுறை நம்முடையது. அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுத்த சின்னப் படமே தாத்தாவின் ஒரே படமாக எஞ்சியிருக்கும் வீடுகள் நம்மிடையே பல. இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டு ஓடியவர்களும் பலர். அவர்களிடம் போய்க் குறைவே நிறைவு என்று சொல்லக்கூடாது.

ஆயினும் அதனாலேயே இப்பயிற்சி நமக்கு வேறொரு வகையில் தேவைப்படுகிறது. இன்று நம் எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. பிறந்தநாட்களும் சாமத்தியச் சடங்குகளும் அரங்கேற்றங்களும் ஆயிரக்கணக்கில் பதிவாகின்றன. ஆனால் ஸ்காபரோவில் நாம் அன்றாடம் வாழ்ந்த இடங்கள் அப்படிப் பதிவாகின்றனவா? கெனடி நிலையத்திலிருந்து மக்கவன் வரை ஆறு தரிப்புகளோடு 1985இல் தொடங்கிய ஸ்காபரோ ரயில், 2023 ஜூலை 24ஆம் திகதி ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நின்றது, பிறகு ஓடவேயில்லை. இரவு வேலைக்கும் கல்லூரிக்கும் முதல் நேர்முகத்துக்கும் அந்தப் பெட்டிகளில் போன தமிழர்கள் எத்தனையோ பேர். அதன் மேடையில் நின்ற படம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முதன்முதலில் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியின் வாசல், மரக்கறி வாங்கிய கடையின் முகப்பு, பஸ்ஸுக்குக் காத்துநின்ற சந்தி ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள்.

‘த வோர்ட்’ பகுதியில் வாழ்ந்தவர்களுக்குச் சம்பளத்துக்கு வேலைசெய்த ஒரு நகரசபை ஊழியர் இருந்தார். நமக்கு அப்படி ஒருவரை யாரும் அனுப்பப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமை பையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு லென்சோடு உங்கள் சந்திவரை நடந்து போய் வாருங்கள். அடுத்த மாதமும் அதே இடத்துக்குப் போங்கள்.